இடம் விட்டு எடுத்த படம்

பால்சேனை, பாடசாலை முகாம்
14.02.2005

அன்புள்ள மச்சான் அரசரெத்தினத்துக்கு அன்னப்பூரணி எழுதுவது.

நானும் உங்கள் மகள் கிருசிகாவும் மூச்சோடு இருக்கிறோம். இத்தாலியில் இப்போது பனி கொட்டுமாம். சளிக்காரன் நீங்கள், காதை மூடிக்கொண்டு திரிகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வசந்தாவின் முப்பத்தோராம் நாளை முகாமிலேயே செய்தோம். உங்களுக்கு மனைவி, எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. அவளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மூன்றாம் நாள் தாழம்பற்றைக்குள் கிடந்தவளைச் சேலைக் கரையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பிள்ளைக்குக் காட்டவில்லை. கடல் வந்த அன்று பூரணை என்று பிள்ளையை நான் சித்தாண்டி முருகனிடம் கூட்டிப்போயிருந்தேன். "நீயும் வா கா" என்று கூப்பிட்டதற்கு, "துவைக்கிற உடுப்புக் கிடக்கு, நீங்க போயிற்று வாங்க" என்றாள். இப்போது அந்த உடுப்பும் இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை, வீடும் இல்லை.

நீங்கள் வரவில்லை. அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகவும், இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றும் கிராம சேவகரிடம் போனில் சொன்னீர்களாம். சரி, நம்புகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய படத்தை அர்ச்சனைத் தட்டில் வைக்கச் சொல்லி அன்று வசந்தா என்னிடம் தந்துவிட்டவள். அதனால் அது மட்டும் தப்பியது. முகாமில் வேறு வேலை இல்லாததால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பின்னால் மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள். கதிரையில் பெண்கள் போர்க்கிற கம்பளிச் சால்வை ஒன்று. தனியே இருக்கிற ஆம்பிளைக்கு எதற்கு இரண்டு கோப்பை? சும்மாதான் கேட்கிறேன்.

முருகன் துணை.
அன்னப்பூரணி


ரொக்காசெரா, இத்தாலி
20.03.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

காதை மூடித்தான் இருக்கிறேன், நெஞ்சுதான் அடைக்கிறது. முகாமில் நீங்களும் பிள்ளையும் கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள். காய்ச்சல் தலையிடி என்றால் உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வசந்தாவை நான் நாலு வருடம் தனியே விட்டேன். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவும் வரவில்லை. இதை யார் மன்னித்தாலும் நான் மன்னிக்கப் போவதில்லை. இனிப் பிள்ளையையாவது என்னோடு வைத்திருக்க விடுங்கள். கிருசிகாவின் பிறப்புப் பத்திரமும் வசந்தாவின் மரணப் பத்திரமும் முத்திரையோடு வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத்தான் தகப்பன் கூப்பிடலாம். அவளுக்கு இப்போதுதானே பதின்மூன்று என்று ஆறுதலாக இருந்துவிடாதீர்கள்.

நான் இருப்பது மலையுச்சியில் ஒரு சின்ன ஊர். ஒருகாலத்தில் ஆறாயிரம் பேர் இருந்தார்களாம், இப்போது நானூறு பேர். வைன் பிழிகிற முந்திரிகைக் கொடியில் பூச்சி விழுந்த வருடத்தோடு சனம் கப்பலேறத் தொடங்கியிருக்கிறது. முதலில் ஆர்ஜென்டீனா, பிறகு அமெரிக்கா, பெரிய உலகச் சண்டை முடிந்த பிறகு பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கம். பூட்டிய வீடுகளின் கதவுகளில் அத்திமரம் முளைத்திருக்கிறது. போனவர்களின் பெட்டி, சப்பாத்து, கடிதம், படம் எல்லாவற்றையும் பழைய பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு நகரசபை வேலை.

மற்றக் கோப்பை விருந்தாளிக்கு.

பத்திரங்களை மறக்கவேண்டாம்.
அரசரெத்தினம்


பால்சேனை
11.06.2005

அன்புள்ள மச்சானுக்கு,

தறப்பாள் கூடாரத்துக்குள் வெயில் அவிக்கிறது. மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் பாடு எப்படி?

கடிதம் கிடைத்தது. ஆர்ஜென்டீனாவுக்குப் போனவன் கதை, அமெரிக்காவுக்குப் போனவன் கதை எல்லாம் வாசித்தேன். இத்தாலிக்குப் போனவன் கதையைத்தான் காணவில்லை. காலை எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், எங்கே படுக்கிறீர்கள், ஒன்றும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டித்தனம் உங்களிடம் முன்பு இருக்கவில்லை, போன இடத்தில் பழகினீர்களாக்கும். சால்வையும் விருந்தாளியினுடையதுதானோ?

பத்திரம் எல்லாம் வீட்டோடு கடலுக்குள் போய்விட்டது. புதிதாக எடுக்க மட்டக்களப்பில் அரசாங்கக் கச்சேரிக்கு அலையவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பஸ், வழிநெடுக இறங்கி ஏறிச் சோதனை. பார்ப்போம்.

பிள்ளை பேசுவது குறைவு. இரவில் என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் நித்திரை. வயிற்றில் ஒன்றையும் சுமக்காத எனக்கு இது புதிது. நம்மிடத்தில் பிள்ளை தாயின் குடி, வீடும் வளவும் பெண்ணுக்கு. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. வெள்ளைக்காரி ஒருத்தியின் அடுப்படியில் மூலைக்குள் நிற்க என் தங்கச்சி பிள்ளை பெறவில்லை. அப்படி ஒருத்தி இல்லையென்றால் நான் எழுதியதைக் காற்றில் விடுங்கள்.

பிள்ளை உங்களைச் சுகம் கேட்டாள்.
அன்னப்பூரணி


ரொக்காசெரா
02.08.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

எனக்குச் சுகம். உங்கள் கோபத்தைப் பார்த்தால் நீங்களும் நல்ல சுகம் என்றுதான் தெரிகிறது.

அப்படி ஒருத்தி இல்லை. வசந்தாமேல் ஆணை. காலை ஐந்துக்கு எழும்புகிறேன், நானே சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இதில் எழுத என்ன இருக்கிறது?

காட்சிசாலைக் கதையைப் பிள்ளைக்காக எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள். இங்கே ஒரு சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள். தாய், பிள்ளைகள், நடுவில் தகப்பன். ஆனால் அந்தத் தகப்பன் அந்த இடத்தில் நின்றதே இல்லை. ஊர்ப் படப்பிடிப்புக்காரன் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுக் குடும்பத்தைப் படம் எடுப்பானாம். தகப்பன் ஆர்ஜென்டீனாவில் இரவல் கோட்டுப் போட்டுத் தன் படத்தை எடுத்து அனுப்புவான். அதை வெட்டி இடைவெளியில் ஒட்டித் திரும்பப் படமெடுத்தால் குடும்பம் ஒன்றாகிவிடும். கூர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம். எல்லாருடைய நிழலும் ஒரு பக்கம் விழ, ஒட்டின மனிசனுக்கு நிழலே இராது. அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. காத்திருந்த பெண்களுக்கு ஊரார் வைத்த பெயர் வெள்ளை விதவைகள்.

டிசம்பருக்குள் பத்திரங்கள் வந்தால் சித்திரைக்குள் பிள்ளையைக் கூப்பிடலாம் என்று இங்கே சட்டம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். கும்பிட்டுக் கேட்கிறேன். ஏதும் அவசரமென்றால் அலுவலக நம்பர் ஒன்று கீழே எழுதியிருக்கிறேன், மட்டக்களப்புக்குப் போனால் எடுங்கள்.

அரசரெத்தினம்


பால்சேனை
15.01.2006

மச்சானுக்கு,

இருக்கிறோம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், கேட்கத் தேவையில்லை.

டிசம்பரில் மட்டக்களப்புக்குப் போனேன். பத்திர அலுவல் இழுபடுகிறது. அங்கே ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து நீங்கள் தந்த நம்பருக்கு எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். நான் உங்கள் பெயரைச் சொல்ல, அவள் என்னவோ சொல்லிச் சிரித்தாள். சின்னப் பெட்டையின் சிரிப்பு. உள்ளே நீங்கள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. வசந்தா செத்து ஒரு வருடம் முடிய ஒரு கிழமை இருந்தது.

என் அவர் தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போனவர், திரும்பவே இல்லை. இன்னும் பொட்டை அழிக்காமல் இருக்கிறேன். எனக்கு வெள்ளை விதவைக் கதை சொல்ல உங்களுக்கு ஒரு மனம் வந்ததே.

வசந்தாவின் வளவில் நிவாரண வீடு கட்டி முடிகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பெயரில் தரமுடியாது, குடும்பத்துக்குத்தான் என்றார்கள். ஆகவே குடும்ப அட்டையில் கிருசிகாவை என் மகள் என்று பதிந்துவிட்டேன். இனி அவளுக்கு ஒரு தாய் இருக்கிறாள்.

அன்னப்பூரணி


ரொக்காசெரா
10.03.2006

மச்சாளுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை, பிள்ளை சுகமென்றால் போதும்.

போன் எடுத்தது அலுவலகத்தில் வேலைசெய்கிற பெண். உள்ளே பாடியது யாருடைய ரேடியோப் பெட்டியோ. அதை விடுங்கள். உயிரோடு இருக்கும் தகப்பனின் பிள்ளையை யாரைக் கேட்டு உங்கள் மகள் என்று எழுதினீர்கள்? பிறப்புப் பத்திரம் எடுக்கப் பத்து மாதம் காணாது, குடும்ப அட்டையில் பெயர் மாற்ற ஒரு நாள் காணும். ஏன் பத்திரம் இழுபடுகிறது என்று இப்போதுதான் எனக்கு வெளிக்கிறது. வசந்தாவின் வளவு, வசந்தாவின் வீடு, வசந்தாவின் பிள்ளை. மூன்றும் ஒரே கையெழுத்தில் உங்களுக்கு வந்துவிட்டன. இந்த ஊரிலும் போனவர்களின் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த சிலரின் சாவி பிறகு பூட்டுக்குப் பொருந்தவில்லையாம்.

சண்டை திரும்பத் தொடங்கும் என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். பிள்ளையை அங்கே வைத்திருக்காதீர்கள். பத்திரத்தை அனுப்புங்கள்.

அரசரெத்தினம்


சித்தாண்டி
05.04.2007

அன்புள்ள மச்சானுக்கு,

உயிருக்கு மோசமில்லை. நீங்கள் நவம்பரிலும் தையிலும் எழுதிய இரண்டு கடிதங்களும் சேர்ந்து நேற்றுத்தான் கைக்கு வந்தன. உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறோம். செல்லடி தாங்காமல் காட்டுக்குள்ளால் நடந்து, கிரானில் ஒரு மாதம் கிடந்து, இப்போது சித்தாண்டியில் ஒரு சொந்தக்காரரின் வீட்டுப் பத்தியில் இருக்கிறேன்.

கிருசிகா நல்ல சுகம். படிக்கிறாள். படிப்பு வேலை கூட, அதனால் தன் கையால் எழுத நேரமில்லை. நன்றாக வளர்ந்துவிட்டாள். உங்களை எப்போதும் கேட்பாள்.

போன கிழமை ஊரைப் பார்த்துவர விட்டார்கள். வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. வாசலில் நானும் பிள்ளையும் நிற்கிற படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். வீடு அவளுக்குத்தான், எனக்கு வேண்டாம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உங்கள் சளி எப்படி?

அன்னப்பூரணி


ரொக்காசெரா
30.05.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தில் "இருக்கிறோம்" என்று ஓர் இடத்திலும், "இருக்கிறேன்" என்று இன்னோர் இடத்திலும் எழுதியிருந்தீர்கள். அதை முதலில் கவனிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடமாக ஒட்டுப்படங்களைத் தூசு தட்டுகிறவன் நான். அன்று அங்கே மழை மூட்டமாக இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு நிழல் இல்லை. தூணுக்கு நிழல் இல்லை. வாசலில் நின்ற ஆட்டுக்கும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் நிழல் இருக்கிறது. ஒட்டினவனுக்கு நிழல் இராது என்று நான் எழுதியதை நினைவு வைத்து, கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலை கதவுக் கொண்டிக்குக் கீழே நிற்கிறது. இது பன்னிரண்டு வயதுக் கிருசிகா.

என் பிள்ளை எங்கே? செத்துவிட்டாளா? கடலோடு போய்விட்டாளா, அன்றைக்கே? இரண்டு வருடமாக நீங்கள் எழுதியது எல்லாம் ஒட்டா?

உண்மை கேட்கிறவன் உண்மை சொல்லவேண்டும். நான் நகரசபை உத்தியோகத்தன் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் காட்சிசாலையைக் கூட்டுகிறேன். மற்ற ஐந்து நாளும், எல்லா இரவும், பிலோமினா என்ற கிழவியைப் பார்க்கிறேன். அவளுக்கு எண்பத்தொன்பது வயது. குளிப்பாட்டுகிறேன், சாப்பாடு தீத்துகிறேன், மலசலம் துடைக்கிறேன். எனக்கு விசா கிடைத்ததே அந்த வேலையால்தான். ஊரில் ஓர் ஆம்பிளை செய்யாத வேலை என்று வெட்கத்தில் வசந்தாவுக்கும் சொல்லவில்லை. இரண்டாவது கோப்பை அவளுடையது. சால்வையும் அவளுடையது. அலுவலக நம்பர் என்று நான் தந்தது அவள் வீட்டு நம்பர், போனில் சிரித்ததும் அவள்தான். காது மந்தம், எதற்கும் சிரிப்பாள், குரல் மட்டும் இன்னும் பெட்டைக் குரல். அவள் சாப்பிடுவதற்காகத்தான் நான் பாடுவது. அவளும் ஒரு வெள்ளை விதவை. புருஷன் நாற்பத்தொன்பதில் ஆர்ஜென்டீனாவுக்குப் போனவன், அந்தச் சுவரில் அவளுக்குப் பக்கத்தில் நிழலில்லாமல் நிற்கிறான்.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

அரசரெத்தினம்


சித்தாண்டி
12.08.2007

மச்சான்,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கடலோடு போகவில்லை. அது சத்தியம்.

பிறப்புப் பத்திரம் 2005 டிசம்பர் பத்தொன்பதாம் திகதி என் கைக்கு வந்தது, மரணப் பத்திரமும் வந்தது. கச்சேரியால் வெளியே வந்து, அதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் சிரித்தாள். நான் வைத்துவிட்டேன். வழிநெடுகப் பஸ்ஸில் அழுதேன். வீட்டுக்கு வந்து இரண்டு பத்திரத்தையும் விசுக்கோத்துத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினேன். அடுத்த கிழமையே போய் அட்டையில் அவளை என் மகள் என்று பதிந்தேன். வீட்டுக்காக இல்லை. உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பதற்காக.

போன வருடம் ஆவணியில் வந்தார்கள். யார் என்று எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றார்கள். அவர்களிடம் அட்டைப் பெயர்கள் எல்லாம் இருந்தன. "அம்மா, உங்களுக்கு ஒரு மகள் இரிக்காவே" என்று கேட்டான் ஒருவன். "அவள் என்ட தங்கச்சிர பிள்ள. தாய் இல்ல, தகப்பன் வெளிநாட்டில. எனக்குப் பிள்ளையே இல்ல மனே" என்றேன். அவன் கோபப்படவும் இல்லை. "அட்டையில உங்கட மகள் என்டுதானே கிடக்கு" என்றான்.

பிள்ளையில்லாதவளாக இருந்திருந்தால் என் வாசலில் ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு கடதாசியில் தாயாகி, எட்டு மாதத்தில் அந்தக் கடதாசியாலேயே அவளைக் கொடுத்தேன். கொண்டுபோகும்போது அவள் திரும்பிப் பார்த்து, "அப்பாவுக்குச் சொல்லாதீங்க பெரியம்மா" என்றாள். உங்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்று. அவள் சொன்னதைச் செய்தேன் என்று சொல்லித் தப்ப நான் வரவில்லை. பயத்தில்தான் சொல்லவில்லை. வடக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்வி.

படம், முகாமில் எடுத்த பிள்ளையின் பழைய படத்தை வெட்டி ஏறாவூர் ஸ்டூடியோ அப்துல் மஜீத் காக்கா ஒட்டிச் செய்தது. "பொய்ப் படம் செய்யப் பயமா இரிக்கு கா" என்றவரைக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நிழலும் நான்தான் வைக்கச் சொன்னேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற வாய் என்னுடையது. தீர விசாரிக்கவில்லை. நீங்களும் ஒரு வரி உண்மை எழுதவில்லை. ஒரு கிழவியைக் குளிப்பாட்டுவது அவ்வளவு பெரிய வெட்கமா மச்சான்?

அன்னப்பூரணி


ரொக்காசெரா
25.05.2009

மச்சாளுக்கு,

இருபத்தொரு மாதம் நான் எழுதவில்லை. கடிதம் தவறவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உங்களைத் திட்டி எழுதிய பதினாறு கடிதங்கள் மேசை லாச்சிக்குள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கடைசியில் என்னைத்தான் திட்டியிருந்தேன். நேற்று எல்லாவற்றையும் கிழித்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று இங்கே தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். தண்ணீருக்குள் இறங்கி வருகிற சனத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு பெட்டையின் முகத்தையும் பார்த்தேன். நான் நேரில் கண்டது அவளின் ஒன்பது வயது முகம்தான், எதிரில் வந்தாலும் கண்டுபிடிக்கமாட்டேன். அந்த ஒட்டுப்படத்தைத்தான் பைக்குள் வைத்துத் திரிகிறேன். அவளைப் பற்றி ஏதும் தெரிந்தால் எது என்றாலும் எழுதுங்கள். வருகிற பங்குனியில் அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு கூப்பிட முடியாது.

பிலோமினா மாசி மாதம் செத்தாள். கடைசிக் கிழமையில் புத்தி தெளிவாக இருந்தது. அவள் எனக்கு ஒன்று சொன்னாள். அறுபது வருடத்தில் புருஷனுக்கு நூறு கடிதம் எழுதினாளாம், ஆடு குட்டி போட்டது, மழை பெய்யவில்லை, மணிக்கூண்டு இடிந்தது, எல்லாம் எழுதினாளாம். "வா" என்று மட்டும் ஒன்றிலும் எழுதவில்லையாம். தானாக வரட்டும் என்று இருந்தாளாம்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? உடம்பைப் பாருங்கள். உங்கள்மேல் கோபம் போகவில்லை. ஆனால் நீங்கள் இல்லாமல் போனால் அவளை அடையாளம் காட்ட எனக்கு ஒருவரும் இல்லை.

அரசரெத்தினம்


பால்சேனை
09.06.2010

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். இந்தமுறை "நாங்கள்" என்பது நாங்கள்தான்.

போன மாதம் கிருசிகா வந்துவிட்டாள். சரணடைந்த பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்த இடத்தில் இருந்திருக்கிறாள். விட்டதும், முன்பு இருந்த ஊர் என்று இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். என்னைவிட உயரம். வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொல்லும்வரைக்கும் வரவில்லை. நல்ல சுகம் என்று எழுதமாட்டேன். அப்படி எழுதி எழுதித்தான் நான் கெட்டேன். இருக்கிறாள், சாப்பிடுகிறாள்.

விசுக்கோத்துப் பேணியை அவளிடம் கொடுத்து எல்லாம் சொன்னேன். இரவில் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

அன்னப்பூரணி


பால்சேனை
18.07.2010

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் எழுதுவது.

காலையில் பசிக்கிறது, இரவில் நித்திரை வருகிறது. அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எப்படி?

"நம்ப முடியவில்லை, பிள்ளையின் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள்" என்று பெரியம்மாவுக்கு இரண்டு வரியில் எழுதியிருந்தீர்கள். பெரியம்மா கோபிக்கவில்லை. "அவர் கேட்பது நியாயம்தான், நீ எழுது" என்றா. இது என் கையெழுத்து. ஒன்பது வயதில் எழுதியதோடு வைத்துப் பார்த்தால் ஒத்துவராது. அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் போகிற அன்று பஸ்ஸுக்குள் இருந்து எனக்கு ஒரு தோடம்பழம் எறிந்தீர்கள். நான் பிடிக்கவில்லை, அது உருண்டு சில்லுக்குக் கீழே போய்விட்டது. நீங்கள் அதைக் காணவில்லை, சிரித்துக்கொண்டு கைகாட்டிப் போனீர்கள். நான் அதை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நடுவில் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்பதைக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தேன். புதிது போல இருக்கிறது. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் இனி அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது என்று தெரியும். உங்கள் கடிதங்களையும், தான் உங்களுக்கு எழுதியவற்றின் பிரதிகளையும் பெரியம்மா வாசிக்கத் தந்தா. எல்லாவற்றையும் முதலில் இருந்து வாசித்தேன். எனக்கு உங்கள் இருவரோடும் கோபம் வந்தது. பிறகு பிலோமினா அம்மாவின் சால்வையில் வந்து நின்றபோது சிரிப்பும் வந்தது. அது இன்னும் அங்கே கிடந்தால் பெரியம்மாவுக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தொட்டுப் பார்த்தால்தான் அவவுக்கு ஆறும்.

இதோடு ஒரு படம் இருக்கிறது. மஜீத் காக்கா ஏறாவூரில் இருந்து வந்து இங்கேயே எடுத்தார். நல்ல வெயில். எனக்கும் பெரியம்மாவுக்கும் தூணுக்கும் ஆட்டுக்கும் நிழல் ஒரே பக்கம் விழுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

என் இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. பெரியம்மா போன கடிதத்தில் அதை எழுதவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். படத்தை எடுத்துவிட்டு மஜீத் காக்கா மெதுவாகக் கேட்டார். "கம்ப்யூட்டரில அந்தக் கையையும் வெச்சுத் தாறன் மகள். வாப்பா பார்த்தா தாங்கமாட்டார்." நான் பதில் சொல்லுமுன் பெரியம்மா சொன்னா. "வேணாம் காக்கா. உள்ளத உள்ளபடி அனுப்புங்க. ஒருக்கா ஒட்டினது போதும்."

அந்தக் கைப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம் கிடக்கிறது. அது மஜீத் காக்காவின் பிழை இல்லை. நான்தான் பெரியம்மாவை வலப்பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். உங்கள் படத்தை அனுப்ப வேண்டாம், அப்பா. நீங்கள் வாருங்கள்.

கிருசிகா